மை லாய் கிராமத்தில் ஒரு காலை: போர் சிப்பாயின் மனதை என்ன செய்கிறது?

#1 கரிசல்காட்டான்

நண்பர்களே, "போர் வந்துட்டா மனுசன் மிருகமாயிடுவான், அவ்வளவுதான்" என்று இங்கே அடிக்கடி ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறோம். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே ஊர், ஒரே காலை, ஒரே ராணுவம். ஒருத்தன் சுடுகிறான். பக்கத்தில் நிற்பவன் மாட்டேன் என்கிறான். மேலே பறந்துகொண்டிருப்பவன் இறங்கிவந்து, தன் சொந்தப் படையை நோக்கியே துப்பாக்கியைத் திருப்பச் சொல்கிறான். வியட்நாமின் மை லாய் பற்றித்தான் சொல்கிறேன். பெயர் பலருக்குத் தெரியும், நடந்தது முழுசாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968 மார்ச் 16. குவாங் ங்காய் மாகாணத்தில் சோன் மி என்ற ஊர். அதன் ஒரு குடியிருப்பைத்தான் அமெரிக்க வரைபடம் மை லாய் என்று குறித்திருந்தது. உள்ளே போனது அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி. 1967 டிசம்பரில் வியட்நாமுக்கு வந்தவர்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய பையன்கள். எதிரியை அவர்கள் கண்ணால் பார்த்ததே அபூர்வம். கண்ணிவெடியில் ஒருவனுக்குக் கால் போகும், மறைந்திருந்து எவனோ சுட்டதில் இன்னொருவனுக்கு உயிர் போகும். திருப்பி அடிக்க ஆள் இருக்காது. மார்ச் 14 அன்று ஜார்ஜ் காக்ஸ் என்ற சார்ஜென்ட் பொறிவெடியில் செத்தார். மறுநாள் சாயங்காலம் அவருக்கு அஞ்சலி. அது முடிந்த கையோடு கேப்டன் எர்னஸ்ட் மெடினா அடுத்த நாள் தாக்குதலை விளக்கினார். அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் கொரில்லாக்களின் 48வது பட்டாலியன் அங்கே இருக்கிறது, ஊர் ஜனங்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்பது உளவுத் தகவல். பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கொல்லச் சொன்னாரா என்பதில் அங்கே இருந்தவர்களின் சாட்சியமே ஒன்றுக்கொன்று முரண்.

போய்ப் பார்த்தால் பட்டாலியனைக் காணோம். கிழவர்கள், பெண்கள், குழந்தைகள், அடுப்பில் காலைச் சாப்பாடு. அன்று சோன் மியில் 504 பேர் செத்தார்கள் என்பது வியட்நாம் கணக்கு, 347 என்பது அமெரிக்க ராணுவத்தின் கணக்கு. கம்பெனிக்குக் கிடைத்த ஆயுதம் மொத்தம் மூன்று. அவர்கள் பக்கத்தில் காயம் ஒரே ஒருவனுக்கு, அதுவும் அவன் துப்பாக்கியே அவன் காலில் வெடித்தது.

என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான். பால் மெட்லோ என்ற சிப்பாயை ஒரு கூட்டத்துக்குக் காவலாக நிறுத்தியிருந்தார்கள். லெப்டினென்ட் வில்லியம் கேலி வந்து இவர்களை முடி என்கிறார். மெட்லோ சுட்டான். அழுதுகொண்டே சுட்டான் என்று பக்கத்தில் நின்றவர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். மிருகம் அழுமா? இன்னொரு சிப்பாய், ராபர்ட் மேப்பிள்ஸ், கேலி நேருக்கு நேர் உத்தரவிட்டும் தன் இயந்திரத் துப்பாக்கியை இயக்க மறுத்துவிட்டார். மேலே ஹெலிகாப்டரில் ஹியூ தாம்சன், 24 வயது. கூடவே கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன். கோல்பர்னுக்கு 18 வயதுதான். அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று தாம்சன் பச்சைப் புகை போட்டுக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் புகை போட்ட இடத்திலெல்லாம் பிணம். ஒரு பதுங்குகுழிக்குள் ஜனங்கள் ஒளிந்திருக்க, அதை நோக்கிச் சிப்பாய்கள் போவதைப் பார்த்ததும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கிவிட்டார். "நான் இவர்களை வெளியே கூட்டிவரும்போது நம்மாட்கள் சுட்டால், நம்மாட்களைச் சுடு" என்று கோல்பர்னிடம் சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார். வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து அவர்களை ஏற்றியும் அனுப்பினார். பிறகு பிணங்கள் நிறைந்த ஒரு வாய்க்காலுக்குள் ஆண்ட்ரியோட்டா இறங்கி, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார். தாம்சனே அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

என் கேள்வி: மூன்று மாதப் போர் எல்லார் மேலும்தானே நடந்தது? பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

#2 பாளையம்_ரவி

இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு சகோ? ஹெலிகாப்டர்ல இருந்தவன் மேலேர்ந்து பார்த்தான், அவனுக்கு எல்லாம் தெரிஞ்சுது. கீழ இருந்தவன் சேத்துல நடந்தான், கூட்டாளி செத்ததைப் பார்த்தான், மேலதிகாரி சொன்னான், செஞ்சான். உத்தரவை மீறினா கோர்ட் மார்ஷல். இதுல சிப்பாயைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? குத்தமெல்லாம் மேல இருக்கறவன் மேலதான்.

#3 கரிசல்காட்டான்

ரவி, மேப்பிள்ஸ் சேற்றில்தானே நின்றார்? அவரும் அதே கம்பெனி, காக்ஸ் அவருக்கும் கூட்டாளிதான். மறுத்ததற்காக அவரை யாரும் தண்டிக்கவில்லை.

#4 சுபேதார்_ஓய்வு

தம்பி கரிசல், நல்லா எழுதியிருக்கீங்க. நான் தரைப்படையில இருந்து ஓய்வு பெற்றவன், வேலூர்ப் பக்கம். இந்தத் தளத்துல பெரும்பாலும் விவசாயப் பகுதியிலதான் எழுதுவேன். இதுல எழுதாம இருக்க முடியல.

நீங்க போற போக்குல சொன்ன ஒரு விஷயம் என் கண்ணுல உறுத்துது. அஞ்சலி முடிஞ்ச கையோட தாக்குதல் விளக்கம்! அந்தக் கேப்டன் செஞ்ச முதல் தப்பு அதுதான். செத்தவனுக்கு மாலை போட்ட கை இன்னும் காயல, அந்த நேரத்துல "நாளைக்கு அந்த ஊர்" னு சொன்னா, பையன் காதுல என்ன விழும்? அவர் வாயால என்ன சொன்னார்னு சாட்சிகள் ஆளுக்கொண்ணா சொல்றதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. அவனவன் மனசுல இருந்ததை அவனவன் கேட்டிருப்பான்.

எங்க கம்பெனிக்கு ஒரு தடவை இப்படி ஆச்சு. இடம், வருஷம் வேண்டாம். ரோட்டுல புதைச்சு வச்சிருந்த வெடியில எங்க ஆள் ஒருத்தன் போயிட்டான், என் பக்கத்துக் கட்டில். உடம்பு ஊருக்குப் போனதுக்கப்புறம் அவன் பொருளுக்கெல்லாம் பட்டியல் போடணும். டிரங்குப் பெட்டியை நானும் இன்னொரு ஹவில்தாரும் திறந்தோம். சட்டை, வேட்டி, ஷேவிங் செட்டு, அப்புறம் கோயம்புத்தூர்க் கடை ஒண்ணுல கிரைண்டருக்கு முன்பணம் கட்டின ரசீது. லீவுல போகும்போது மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கலாம்னு வச்சிருக்கான். ரசீதைப் பட்டியல்ல எப்படி எழுதறதுன்னு எங்களுக்குத் தெரியல. "காகிதம் 1" னு எழுதினோம். அன்னைக்கு ராத்திரி எவனாவது ஒரு ஊரைக் கைகாட்டி "அங்கதான் இருக்கானுங்க" ன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் அந்தப் பகுதியை வளைச்சுத் தேடணும். எங்க சி.ஓ., அதாவது பட்டாலியன் தளபதி, எங்க கம்பெனியை அனுப்பல. வேற கம்பெனி போச்சு. எங்களுக்கு லங்கர்ல சமையல் வேலை, ஆயுதம் சுத்தம் பண்ற வேலை, சாயங்காலம் வாலிபால். கோபத்துல கொதிச்சோம். "நம்மாளு செத்திருக்கான், நம்மளை வாலிபால் ஆடச் சொல்றாரு பாரு" ன்னு முதுகுக்குப் பின்னாடி திட்டினோம். அவர் எங்களைக் காப்பாத்தினார்னு புரியவே வருஷக்கணக்காச்சு. ரவி தம்பி, மேல இருக்கறவன் பொறுப்புன்னு நீங்க சொன்னது பாதி சரி. ஆனா உத்தரவுங்கறது வெறும் வார்த்தை இல்ல. யாரை, எப்ப, எந்த மனநிலையில அனுப்பறோம்ங்கறதும் உத்தரவுதான்.

#5 நெல்லை_மாணவன்

சுபேதார் ஐயாவின் பதிவுக்கு நன்றி. நான் படித்த ஒன்றைச் சேர்க்கிறேன். சாதாரண மனிதனுக்குக் கொல்வது இயல்பாகவே வராதாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் 15 முதல் 25 சதவீதம் பேர்தான் எதிரியைப் பார்த்துச் சுட்டார்கள் என்று எஸ். எல். ஏ. மார்ஷல் என்பவர் 1947இல் எழுதினார். அதற்குப் பிறகுதான் பயிற்சியை மாற்றி, வட்டக் குறிக்குப் பதிலாக ஆள் உருவத்தைச் சுட வைத்தார்கள். அதாவது மனிதாபிமானம் உள்ளே இருக்கிறது, பயிற்சிதான் அதை அழிக்கிறது. 1914 கிறிஸ்துமஸ் சண்டை நிறுத்தமும் இதற்குச் சாட்சி. இரண்டு பக்கமும் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கி, சிகரெட் மாற்றிக்கொண்டார்களே!

#6 கரிசல்காட்டான்

மாணவரே, மார்ஷல் கணக்கை நம்பிக் கட்டடம் கட்டாதீர்கள். அந்தச் சதவீதத்தை எப்படி எடுத்தார் என்பதற்கு அவருடைய குறிப்புகளில் ஆதாரமே கிடைக்கவில்லை என்று 1980களிலேயே ராணுவ வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். கேட்க இதமாக இருப்பதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸ் கதை நடந்தது உண்மை. அதில் எனக்குப் பிடித்த விவரம் கைகுலுக்கல் இல்லை. நடு நிலத்தில் வாரக்கணக்காகக் கிடந்த பிணங்களை இரண்டு தரப்பும் சேர்ந்து புதைத்தார்களே, அது. இந்தியப் படையின் கார்வாலிச் சிப்பாய்களும் அந்தப் பகுதிகளில் ஒன்றில் இருந்தார்கள். ஆனால் அது எல்லா இடத்திலும் நடக்கவில்லை. அதே நாளில் வேறு இடங்களில் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த மாதிரி நெருக்கம் வரும் என்று ஜெனரல்களுக்கு முன்கூட்டியே பயம் இருந்தது. எதிரியோடு பழகக் கூடாது என்று ஸ்மித் டோரியன் என்ற தளபதி டிசம்பர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். அடுத்த வருடம் பெரும்பாலான இடங்களில் அதை நடக்கவிடவில்லை. எதிரே இருப்பவனும் ஈரத்தில் நனைந்து குளிரில் பாட்டுப் பாடுகிறான் என்று காதில் விழுந்துகொண்டே இருந்தால் சுட மனசு வராது. மை லாய்க்குப் போனவர்கள் காதில் அப்படி எதுவும் விழவில்லை.

#7 செவிலி_கலா

நான் மனநலப் பிரிவில் செவிலியர். முன்னாள் ராணுவத்தினர் வருவார்கள். யாரைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் உடம்பில் கீறல்கூட இல்லாத சிப்பாய்கள் நடுங்கினார்கள், பேச்சு நின்றது, பார்வை போனது. குண்டு வெடித்த அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்று நினைத்து அதற்கு ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். குண்டே விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே அறிகுறிகள் வந்ததும் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. பரிவோடு பேச்சு கொடுத்துச் சிகிச்சை செய்த ரிவர்ஸ் மாதிரி டாக்டர்களும் இருந்தார்கள். பேச்சு நின்றவனைப் பேச வைக்கத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சியவர்களும் இருந்தார்கள். ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வந்தது. நாமும் யோக்கியர்கள் இல்லை. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டதைப் பெருமையாகப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். புண்ணைவிட வெட்கம் பெரிய நோய்.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதும் ஒரு காரணமாக, 1980இல் இந்தப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் முறையாக ஏறியது. இப்போது நாம் பி.டி.எஸ்.டி. என்கிறோமே அது. அதிலும் ஒரு போதாமை இருந்தது. அந்த வரையறை முக்கியமாகப் பயத்தை வைத்து எழுதப்பட்டது: நீ செத்துவிடுவாய் என்று பயந்தாய், அந்தப் பயம் போகவில்லை. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை செய்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். சிலரைத் தின்றுகொண்டிருந்தது பயம் அல்ல, அறம் மீறப்பட்டது. தான் செய்தது, தடுக்காமல் நின்றது, நம்பிய மேலதிகாரியே நியாயத்தைக் கைவிட்டது. இதை மனசாட்சியில் பட்ட காயம் என்று சொல்லலாம். நடைமுறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பயந்தவரிடம் "இப்போ நீங்க பத்திரமா இருக்கீங்க" என்று சொன்னால் கொஞ்சமாவது உதவும். குற்ற உணர்வில் இருப்பவரிடம் அதையே சொன்னால், "நான் பத்திரமா இருக்கேன், அதுதான் பிரச்சினை" என்பார்.

கரிசல் எழுதிய மெட்லோவுக்கு மறுநாளே கண்ணிவெடியில் ஒரு பாதம் போனது. கடவுள் எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டார், உனக்கும் கொடுப்பார் என்று கேலியைப் பார்த்துக் கத்தினாராம். "நல்ல பையனைத்தான் அனுப்பினேன், அவனைக் கொலைகாரனாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார் அவருடைய அம்மா. அதே கம்பெனியின் வார்னாடோ சிம்ப்சன் இன்னும் மோசம். சுமார் 25 பேரைக் கொன்றதாக அவரே சொன்னார். ஊர் திரும்பி, பிறகு அவருடைய பத்து வயது மகன் எங்கிருந்தோ வந்த தோட்டாவில் வீட்டு வாசலில் செத்தான். மடியில் மகன் முகத்தைப் பார்த்தபோது தான் கொன்ற குழந்தையின் முகம் தெரிந்தது என்றார். வீட்டுக்குள்ளேயே, மாத்திரைகளோடு வாழ்ந்தார். 1997இல் தற்கொலை செய்துகொண்டார்.

மனிதத் தன்மை செத்துப்போனவர்களுக்கு இப்படி ஆகாது. அது சாகாமல் கிடந்ததால்தான் இந்தப் பாடு என்பது என் எண்ணம்.

#8 வடமராட்சியான்

இந்த இழையை முதலிலிருந்து வாசிச்சுக் கொண்டு வாறன். கலா அக்காவின் பதிவு நல்ல பதிவு, மறுக்கேல்லை. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு, சொல்லியே ஆகவேணும்.

மெட்லோவின் பெயர் தெரியும், அவற்றை தாயின் பெயர்கூடத் தேடினால் வரும். சிம்ப்சனின் மகனுக்கு என்ன வயது எண்டும் தெரியும். அந்த வாய்க்காலுக்குள்ளை கிடந்த சனத்தில் ஒருவரின் பெயராவது இந்த இழையிலை வந்ததோ? கொன்றவனுக்கு மனக்காயம், அவனுக்கு ஆராய்ச்சி, அவனுக்கு மருத்துவக் கையேடு. செத்தவைக்கு ஒரு இலக்கம். அதுவும் 504ஓ 347ஓ எண்டு இரண்டு இலக்கம். நாங்கள் அந்த இலக்கத்துக்குள்ளை இருந்து வந்த சனம். அதனாலைதான் எரிச்சல் வருகுது.

இன்னொண்டு. தண்டனையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. மை லாயுக்காக 26 பேர் மேல் குற்றம் சுமத்தி, கடைசியிலை குற்றவாளி எண்டு தீர்ப்பானது கேலி ஒராள்தான். 1971இலை ஆயுள் தண்டனை. நிக்சன் அவரைச் சிறையிலை இருந்து வீட்டுக் காவலுக்கு மாத்தினார். 1974இலை வெளியிலை வந்திட்டார். எங்கட பக்கம், இலங்கையிலை, யாழ்ப்பாணத்து மிருசுவில். 2000 டிசம்பரிலை எட்டுப் பொதுசனம் கொல்லப்பட்டது, அதிலை சின்னப் பிள்ளையளும். 2015இலை ஒரு இராணுவச் சார்ஜன்டுக்கு மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது. 2020 மார்ச்சிலை ஜனாதிபதி மன்னிப்புக் குடுத்து ஆளை விட்டாச்சு. இரண்டு நாட்டிலையும் சனத்திலை கொஞ்சப் பேர் அந்த ஆளை வீரன் எண்டுதான் சொன்னவை.

சிப்பாயின் மனம் எப்பிடி உடையுது எண்டு கதைக்கேக்கை, அவன் வீட்டுக்கு வந்தாப் பிறகு ஊர் அவனுக்கு என்ன சொல்லுது எண்டதையும் சேர்த்துக் கதையுங்கோ.

#9 பாளையம்_ரவி

வடமராட்சி அண்ணே, நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

#10 கரிசல்காட்டான்

வடமராட்சியான் கடைசியாகச் சொன்னதற்குத் தாம்சன் கதையின் இரண்டாம் பாதியே சாட்சி. முதல் பதிவில் அதை வைக்க இடமில்லாமல் விட்டேன்.

அன்று தாம்சன் தளத்துக்குத் திரும்பிக் கத்தி முறையிட்டதால்தான் மேலே விஷயம் போய்க் கொலை நின்றது. பிறகு ராணுவம் என்ன செய்தது? அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. இரண்டு தரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கியவர்களைக் காப்பாற்றினார் என்று பொய்யாக எழுதி! தாம்சன் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். ஆண்ட்ரியோட்டா மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, வேறொரு தாக்குதலில் செத்துப்போனார். விஷயம் வெளியே வந்தது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, 1969 நவம்பரில். அங்கே இல்லாத ரொனால்ட் ரைடன்ஹவர் என்ற சிப்பாய் கேள்விப்பட்டதையெல்லாம் விசாரித்துச் சேர்த்து எழுதிய கடிதம்தான் விசாரணையைத் தொடங்கி வைத்தது, செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் அதை உலகறியச் செய்தார். அப்போது தாம்சனுக்கு ஊரில் கிடைத்த வரவேற்பு? கொலை மிரட்டல் போன்கள். காலையில் வாசலில் செத்த மிருகங்கள். மை லாய் விஷயத்தில் தண்டிக்க வேண்டிய ஒரே ஆள் தாம்சன்தான் என்றார் மெண்டல் ரிவர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். ராணுவ விவகாரக் குழுவின் தலைவர் அவர்! குடி, விவாகரத்து, கெட்ட கனவு எல்லாம் தாம்சனுக்கும் வந்தது. சரியானதைச் செய்தவன் மனசு மட்டும் முழுசாக இருந்துவிடும் என்று நாம் கற்பனை செய்யக் கூடாது. ஒழுங்கான பதக்கம் வர 1998 ஆனது, முப்பது வருடம்.

அதே 1998இல் தாம்சனும் கோல்பர்னும் மை லாய்க்குத் திரும்பிப் போனார்கள். அன்று அவர்கள் காப்பாற்றிய பெண்களில் ஒருவர் வந்து, "அதைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை?" என்று கேட்டாராம். பழிவாங்கக் கேட்கிறார் என்று தாம்சன் நினைத்தாராம். அந்தப் பெண் தொடர்ந்து, "வந்திருந்தால் மன்னித்திருப்போமே" என்றிருக்கிறார். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை, என்னால் அவர்களை மன்னிக்க முடியாது என்று தாம்சன் பிறகு ஒரு உரையில் சொன்னார்.

#11 வடமராட்சியான்

அந்தப் பெண்ணுக்கு அது வாய்ச்சிருக்கு. எல்லாரிட்டையும் அதை எதிர்பார்க்கக் கூடாது. மன்னிப்புக் கேட்க முதல் ஆள் வரவேணும். கேலி பொதுவிலை மன்னிப்புக் கேட்டது 2009இலை, கொலம்பஸ் நகரத்திலை ஒரு சங்கக் கூட்டத்திலை. உத்தரவைத்தான் செய்தனான் எண்ட கதையை அப்பவும் விடேல்லை.

#12 மதுரை_மீனா

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வடமராட்சி அண்ணன் எழுதியதைப் பார்த்த பிறகு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பா, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1988இல் போய், 1990 மார்ச்சில் கடைசியாகக் கிளம்பியவர்களோடு வந்தார். அந்தப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்பா இலங்கை பற்றித் தானாகப் பேசுவது அந்த ஒரு விஷயத்தை மட்டும்தான். கோபமாகக்கூட இல்லை, மழை வந்தது என்கிற மாதிரி சொல்வார்.

அவருடைய பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் சிலர்தான். அதனால் சோதனைச் சாவடியில் இவரை நிறுத்திவிடுவார்களாம். ஒரே ஒரு தடவை, என் சித்தப்பா இறந்த அன்று இரவு, திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "மத்தவனுக்கெல்லாம் அது சத்தம் பாப்பா. எனக்குத் தமிழ்." ஒரு அம்மா மகனைத் தேடித் தினமும் வாசலுக்கு வருவாராம். "தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே, ஒருக்கா உள்ளுக்குக் கேட்டுச் சொல்லுங்கோ" என்பாராம். அப்பா உள்ளே கேட்டாரா, என்ன பதில் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

சில வருடம் முன்னால் சென்னை பாண்டி பஜாரில் எனக்குச் சேலை எடுக்கப் போனோம். பக்கத்தில் ஒரு பெண்மணி யாழ்ப்பாணத் தமிழில் விலை கேட்டார். "இது என்ன விலை போகுது தம்பி", அவ்வளவுதான் கேட்டார். அப்பா கையில் இருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தேடிப் பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார், வியர்த்துக் கொட்டியிருந்தது. அம்மா வெயில் என்றார்கள். நானும் சரி வெயில் என்று விட்டுவிட்டேன்.

கரிசல் அண்ணன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தோன்றுவது இதுதான். எதிரே இருப்பவர் பேசுவது புரியாமல் இருப்பது சிப்பாய்க்கு ஒரு கவசம். அப்பாவுக்கு அது இல்லை. அவர் அங்கே நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

#13 நெல்லை_மாணவன்

அக்கா, முதலமைச்சர் வரவில்லை என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அன்றைய தமிழ்நாட்டு மனநிலையில்

#14 மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மிச்சமும் அதற்கு வந்த இரண்டு பதில்களும் நீக்கப்பட்டன. 1990 அரசியலுக்குத் தனி இழை உண்டு, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே வேண்டாம்.

#15 வடமராட்சியான்

தங்கச்சி மீனா, தப்பா எடுக்க ஒண்டும் இல்லை. எழுதினது நல்லது.

அமைதிப்படைக் காலத்தை நாங்கள் நினைக்கிற விதம் வேறை. அதை உங்களுக்காக நான் மெதுவாக்கிச் சொல்ல மாட்டன். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளை 1987 ஒக்டோபரிலை டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் நோயாளியளும் சுடுபட்டுச் செத்தவை. அது நாங்கள் மறக்கிற விசயம் இல்லை. உங்கட அப்பா அதுக்குப் பிறகு வந்தவர். அவர் என்ன செய்தவர் எண்டு எனக்குத் தெரியாது, ஆனபடியால் குற்றம் சொல்லவும் மாட்டன், மன்னிக்கிறன் எண்டு சொல்லவும் எனக்கு உரித்தில்லை. என்ர பெரியம்மாவும் அந்த நாளிலை முகாம் வாசலிலை நிண்டவ. அங்கை தமிழ் தெரிஞ்ச ஒரு பெடியன் இருந்தவனாம். "அவன் ஒரு நாளும் முகத்தைத் திருப்பேல்லை, நான் சொல்லி முடிக்கும் மட்டும் நிண்டு கேட்டவன்" எண்டு கடைசி வரைக்கும் சொல்லுவா. மகன் வரேல்லை. எண்டாலும் அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்லுறதை விடேல்லை. அது உங்கட அப்பா எண்டு நான் சொல்ல வரேல்லை, முகாமும் வேறையாய் இருக்கும்.

#16 செவிலி_கலா

மீனா, கேட்கப் பயம் என்றீர்கள். நேராகக் கேட்க வேண்டாம். "அங்கே என்ன செஞ்சீங்க" என்ற கேள்வி வீட்டு ஆட்களிடமிருந்து வந்தால் பெரும்பாலோருக்கு விசாரணை மாதிரித்தான் கேட்கும். மகளின் கண்ணில் தான் இறங்கிவிடுவோமோ என்ற பயம்தான் வாயை அடைக்கும். அவராகத் திண்ணையில் ஆரம்பித்தாரே, அந்த மாதிரி நேரம் மறுபடி வரும். அப்போது "பரவால்லப்பா, அதெல்லாம் பழசு" என்று மூடிவிடாதீர்கள். சமாதானம் சொல்லாமல் கேளுங்கள், போதும்.

பஸ் நிறுத்தத்தில் வியர்த்ததை மட்டும் லேசாக விட வேண்டாம். இத்தனை வருடம் கழித்தும் வருகிறதா என்று கேட்பார்கள், வரும். ஓய்வு பெற்று வேலை ஓட்டம் நின்ற பிறகுதான் சிலருக்கு அதிகமாகிறது. முதலில் நெஞ்சுவலி சம்பந்தமா என்று முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் பார்த்துவிடுங்கள், அங்கிருந்தே மனநல மருத்துவருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். வர மாட்டேன் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். தூக்கம், குடி, தனியாக உட்கார்ந்திருப்பது, இந்த மூன்றிலும் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?

#17 மதுரை_மீனா

குடி கிடையாது அக்கா. தூக்கம் குறைவுதான், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசல் தெளிக்கிறார். அம்மா திட்டுகிறார்கள். டாக்டரிடம் வர மாட்டார், அது மட்டும் எனக்கு நிச்சயம். "எனக்கென்ன பைத்தியமா" என்பார்.

சுபேதார் ஐயா, உரிமையாகக் கேட்கிறேன். நீங்கள் அவரிடம் ஒரு தடவை பேசுவீர்களா? எதையும் கேட்க வேண்டாம். சும்மா பேசினால் போதும்.

#18 சுபேதார்_ஓய்வு

இதுக்கு என்ன உரிமை, உத்தரவு எல்லாம் மா. எந்த பட்டாலியன், எந்த வருஷம் ஓய்வுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்பு. அதை வச்சு நானே பேச்சை ஆரம்பிச்சுக்குவேன், பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்ச ஆளுங்களாத்தான் இருப்பாங்க. பெங்களூர்ல இருந்தாரா, ஊட்டி வெல்லிங்டன்ல இருந்தாரான்னு அதுலயே ஒரு மணி நேரம் ஓடிடும். மூணு மணிக்கே எழுந்திருக்கறவர்னா எனக்கும் வசதிதான், நானும் அந்த நேரத்துல முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். ஆனா முதல் தடவை பகல்லயே பேசுறேன். பத்து மணிக்கு மேல சொல்லு, அதுக்கு முன்னாடி மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போயிடுவேன், அங்க டவர் கிடைக்காது.